காளைக் குடுவை வைத்தியர்

வாலன் க்ரீக், மலேனி,
9 ஏப்ரல் 2019

அன்பு மருமகள் கார்லிக்கு,

இதை உட்கார்ந்துகொண்டு வாசிக்காதே. எழுந்து நில். வலது கையை நெஞ்சில் வை. மேரி ஆற்றுப் பள்ளத்தாக்கின் மன்னாதி மன்னனும், சினை ஊசி போட்டே பதினோராயிரம் கன்றுகளைப் பிறப்பித்தவனும், உன் தாய்மாமனுமாகிய மெர்வின் ஹார்ட்டிக் இப்போது சொல்லப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒரு ஜீவன்கூட நம்பாது என்று என் அம்மா கல்லறைமேல் சத்தியம் செய்கிறேன்.

முதலில் சுகம் விசாரிக்க வேண்டும், முறை என்று ஒன்று இருக்கிறது. இங்கே நானும் முப்பத்தெட்டுப் பசுக்களும் சௌக்கியம். பக்கத்து வேலிக்காரி வில்மா பாஸ்கோ சௌக்கியம். அவள் தொண்டை அதைவிடச் சௌக்கியம். அங்கே நீயும், உன்னிடம் பாடம் படிக்கும் பண்ணைப் பிள்ளைகள் நாலு பேரும், கிம்பர்லி வெயிலும் எப்படி?

கதை இதுதான். போன மாதம் ஒரு காலையில் டீ கெட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வெண்ணெயை அடுப்பில் ஏற்றினேன். மன்னர்களுக்கு இது சகஜம் என்று விட்டுவிட்டேன். அதே வாரம் பால் கறக்கும் கொட்டகையில் மரம் சாய்வதுபோல் சாய்ந்தேன். அதிர்வு சிட்னிவரை உணரப்பட்டது. வில்மா என்னைக் காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில் கொட்டினாள். படம் பிடித்தார்கள். மூளைக்குள் கறுப்பாக மூன்று பேர் குடியேறியிருக்கிறார்கள். ஆறு வருஷத்துக்கு முன் என் கழுத்திலிருந்து விரட்டினேனே ஒரு மச்சம், அதன் வாரிசுகளாம். தோல் புற்று, மெலனோமா என்றார்கள். இத்தாலியச் சமையல்காரி பெயர் மாதிரி இல்லை?

இனிதான் நம்ப முடியாத பகுதி. பிரிஸ்பேனில் ஓர் இயந்திரம் இருக்கிறது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு திசையிலிருந்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கதிர்கள் வரும். ஒவ்வொன்றும் தனியாகப் பரம சாது; போகும் வழியில் எதையும் சீண்டாது. எல்லாம் கூடும் அந்த ஒரே புள்ளிதான் வெந்துபோகும். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாமாம். ஃபோனில் சொன்னால் கேலி செய்வாய். பொய்க்கும் ஒரு தபால்தலை ஒட்டினால் மரியாதை வருகிறது.

மன்னர்,
மெர்வ் மாமா

பின்குறிப்பு: உன் இடது தோளில் ஒரு பழைய வெள்ளைத் தழும்பு உண்டே, விமானத்தில் டாக்டர் வரும் நாளில் காட்டிவிடு. சும்மாதான் சொல்கிறேன்.


பெரிகன் டவுன்ஸ் பண்ணை, கிம்பர்லி,
29 ஏப்ரல் 2019

புளுகு மூட்டை மாமாவுக்கு,

எழுந்து நின்றேன், கையை நெஞ்சிலும் வைத்தேன். பிள்ளைகள் நாலு பேரும் என்னோடு நின்றார்கள். உங்கள் கடிதத்தை வாசிப்பு வகுப்பாகவே வைத்துவிட்டேன். சின்னவள் ஆலி கேட்கிறாள்: "மிஸ், ஒங்க மாமா தலையில லைட் எரியுமா?" நூற்றுத் தொண்ணூற்றிரண்டு! நூறோடு நிறுத்தியிருந்தால் கொஞ்சம் நம்பியிருப்பேன்.

மேலே இருப்பது திங்கட்கிழமை எழுதியது. இன்று புதன். நேற்றுத் தபால் விமானத்தைத் தவறவிட்டேன். சும்மா சிரிக்கலாமென்று பண்ணை ஃபோனில் வில்மாவைக் கூப்பிட்டேன். என் சிரிப்பையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இல்ல கண்ணு, அது நெசம்" என்றாள்.

நான் வருகிறேன் மாமா. மாடு திரட்டும் பருவம்தான், டீச்சர் போனால் பிள்ளைகளும் மாட்டுக்குப் பின்னால் போய்விடும், ஆனாலும் வருகிறேன். ஒரு வார்த்தை எழுதுங்கள். உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையாக.

கார்லி


வாலன் க்ரீக்,
14 மே 2019

அன்பு கார்லிக்கு,

வராதே. இது அரசாணை. உடம்பு பிரமாதம்.

மூன்று பேரையும் சுட்டாகிவிட்டது. முதல் நாள் வெந்நீரில் நனைத்த பிளாஸ்டிக் வலையை முகத்தில் போர்த்தி, ரொட்டி மாவு மாதிரி அமுக்கி, என் அழகை அச்சு எடுத்தார்கள். மறுநாள் அந்த முகமூடியை மாட்டி மேஜையோடு பூட்டினார்கள். மூக்கு அரிக்கிறது, சொறிய முடியாது. இயந்திரம் என்னை விழுங்கியது. வலி இல்லை. பிரிஸ்பேனில் அந்த ஒரு மணி நேரம் தெருவிளக்கு எல்லாம் மங்கியது, டிராஃபிக் நின்றது, பிரதமர் என் நலம் கேட்டுத் தந்தி அடித்தார். முகமூடியை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொட்டகை வாசலில் மாட்டியிருக்கிறேன். பசுக்கள் பயபக்தியோடு உள்ளே வருகின்றன.

டாக்டர் ஹுயின் சின்னப் பெண். முகம் கொஞ்சமும் மாறாமல் கேட்டாள்:

"கழுத்து மச்சத்த யாரு எடுத்தது?"

"ராஜ வைத்தியர்."

"வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புனாரா?"

"அவருக்கு அந்தப் பழக்கம் கெடையாதும்மா. மாட்டுக்குச் சினை ஊசி போடுற ஆளு."

வில்மா குறுக்கே விழுந்தாள். "அது இந்தக் கெழட்டு மாடேதான் டாக்டர்! காள விந்து வச்சிருக்குற குடுவையில பஞ்ச முக்கித் தானே சுட்டுக்கிச்சு!"

"வில்மா, மன்னர்கிட்ட இப்படியா பேசுவ?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்தக் கொடுங்குளிர் நைட்ரஜன்ல மேல இருந்தது கருகியிருக்கும். அடியில இருந்தது அப்படியே இருந்திருக்கு. நாங்களும் சின்னப் புள்ளிய அப்படிச் சுடுவோம் சார். ஆனா மொதல்ல பாப்போம். கறுப்பா இருந்தா தொடவே மாட்டோம், வெட்டி அனுப்புவோம்."

அந்த ராஜ வைத்தியர் கதை உனக்குத் தெரியாதல்லவா? கேள். ஒரு காலத்தில் மேரி ஆற்றங்கரையில் ஒரு வைத்தியர் இருந்தார். அவர் குடுவைக்குள் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் உலகத்தின் உத்தமமான காளைகள் தூங்கின. வெயில் சுட்ட புள்ளியோடு யார் வந்தாலும் பஞ்சைத் தோய்த்து ஒரு வைப்பு. டவுனுக்கு முப்பது மைல் ஓட வேண்டாம், மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். வரிசை மூன்று மைல் நீளம். வரிசையில் இரண்டு அமைச்சரும் ஒரு பிஷப்பும்.

ஒரு நாள் அவர் வீட்டிலேயே வளர்ந்த பெண் வந்தாள். தாய் இல்லாத பிள்ளை, பதினாறு வயது. அடுத்த மாதம் பள்ளிக்கூட நடன விழா, நீல கவுன், தோள் தெரியும் கவுன். இடது தோளில் உண்ணி அளவு மச்சம். கறுப்பு. ஓரம் பிய்ந்தது. வைத்தியர் பஞ்சைத் தோய்த்து எடுத்தார். அவர் கை அந்தரத்தில் ஒரு நொடி நின்றது. வானத்தில் பெலிகன் பறவைகள் நின்றன, மேரி ஆறு ஓடாமல் நின்றது, முப்பத்தெட்டுப் பசுக்கள் அசைபோடுவதை நிறுத்தின. பிறகு எல்லாம் மறுபடி ஓடியது. கவுன் ஜெயித்தது.

எப்படிக் கதை? டாக்டர் வந்தாரா? தோளைக் காட்டினாயா?

மெர்வ் மாமா


பெரிகன் டவுன்ஸ்,
4 ஜூன் 2019

அன்பு மாமாவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். ராஜ வைத்தியர் கதையில் பிஷப்பைச் சேர்த்தது அக்கிரமம்.

அந்த நீல கவுன் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. மச்சமெல்லாம் போயே போச்சு மாமா, பத்து வருஷமாகிறது. நீங்கள் சுட்டது சுட்டதுதான். வெறும் வெள்ளை வட்டம்தான் மிச்சம். டாக்டர் விமானம் வந்தது, ஆனால் குதிரை தள்ளி இடுப்பு உடைந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு உடனே பறந்துவிட்டது. அந்த மனிதர் கத்திக்கொண்டிருந்தபோது நான் போய்த் தழும்பைக் காட்டுவதா? அடுத்த முறை பார்க்கலாம்.

அடுத்த படம் எப்போது எடுப்பார்கள்? கையெழுத்து ஏன் இடது பக்கம் சரிகிறது?

கார்லி


வாலன் க்ரீக்,
20 ஜூன் 2019

அன்பு கார்லிக்கு,

சௌக்கியம் கேட்டதாக வைத்துக்கொள், சொன்னதாகவும் வைத்துக்கொள். கையெழுத்து சரிவது மேஜை சரிவதால்.

வெள்ளிக்கிழமை மதுக்கடையில் வழக்கமான சீட்டுக் குலுக்கல், பரிசு ஒரு தட்டு இறைச்சி. நான் வில்மாவோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். என் குடுவையில் சுட்டுக்கொண்டவர்கள், நினைவுக்கு வந்தவரை, இருபத்தேழு பேர். அறிவிப்பு சொல்லும் மைக்கைப் பிடுங்கினேன்.

"மன்னர் ஏறிட்டாருடா, பீர ஊத்து!"

"சிரிக்காதீங்கடா. பேர் வாசிக்கிறேன். இந்த இருபத்தேழு பேரும் நாளைக்கே டாக்டர்கிட்டப் போங்க. மேல கருகிருக்கும், அடியில இருக்கலாம். எனக்கு இருந்துச்சு."

"நீ சுட்ட எடத்துல எனக்குக் காளக் கன்னே மொளச்சிருச்சு மெர்வ், அதுக்கும் போகவா?"

"போன வருஷம் ஆத்துல திமிங்கலத்தப் பாத்தேன்னான், மூணு கார் புடிச்சுப் போனோம்! மறுபடியுமா?"

முகமூடியை எடுத்துக் காட்டினேன். கைதட்டினார்கள். ஒருவன் வாங்கி மாட்டிக்கொண்டு ஆடினான். நான் கெஞ்சினேன், கார்லி. நான் கெஞ்சக் கெஞ்ச அவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அப்புறம் குலுக்கல் நடந்தது. என் எண்ணுக்கே பரிசு. ஆட்டு விலாவும் சாசேஜும் இரண்டு கிலோ. வீட்டுக்கு வரும் வழியில் வில்மா என்னை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் முறை.

அதனால் உனக்கு மட்டும் மன்னர் இல்லாமல், பெலிகன் இல்லாமல் எழுதுகிறேன். தோளைக் காட்டு. அடுத்த விமானத்திலேயே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மாமா


பெரிகன் டவுன்ஸ்,
9 ஜூலை 2019

அன்பு மாமாவுக்கு,

காட்டினேன். போதுமா?

உங்கள் கடைசி வரியைப் பார்த்துப் பயந்துபோனேன். நீங்கள் எனக்கு அப்படி எழுதியதே இல்லை. சின்னவள் ஆலிகூட, "மிஸ், மாமா ஏன் மன்னர்னு கையெழுத்துப் போடல?" என்றாள்.

டாக்டர் ஒரு நிமிஷம் தடவினார். வெள்ளை வட்டத்துக்கு அடியில் பருப்பு அளவில் ஏதோ உருளுகிறது. "இது எவ்வளவு நாளா இருக்கு?" என்றார். தெரியாது. முதுகுப் பக்கம், யார் பார்ப்பது? மரத்துப்போக ஊசி போட்டு அங்கேயே வெட்டி எடுத்தார். "இத மொதல்ல யாரு சுட்டது?" என்று கேட்டார். ஊர் டாக்டர் என்று சொல்லிவிட்டேன். சோதனைக்கு அனுப்பியிருக்கிறார், இரண்டு வாரம் ஆகும். சும்மா கொழுப்புக் கட்டியாக இருக்கும். கவலைப்படாமல் சாப்பிடுங்கள்.

கார்லி


வாலன் க்ரீக்,
25 ஜூலை 2019

அன்பு கார்லிக்கு,

உன் தோள் ஆறிவிட்டதா? பதில் வந்ததா?

எனக்குப் புதுப் படம் வந்தது. சுட்ட மூன்று பேரும் செத்தார்கள், ஒழுங்காக, ஒரே அடியில். டாக்டர் ஹுயின் அதைத்தான் முதலில் சொன்னாள். பிறகு, மூளையில் வேறு இடங்களில் எட்டுப் பேர் புதிதாக வந்திருக்கிறார்கள் என்றாள். நடுவில் புற்றுக்கென்று கைநரம்பில் ஒரு மருந்து ஏற்றிப் பார்த்தார்கள், அது என் குடலோடு சண்டை போட்டதால் நிறுத்திவிட்டார்கள். எட்டையும் சுடலாமாம். மறுபடி முகமூடியை மாட்டிப் பார்த்தார்கள், ஏறவில்லை. மூளை வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையில் என் முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. "அழகு கூடிருச்சும்மா, பழைய அச்சு தாங்காது" என்றேன். அவள் முதல் முறையாகச் சிரித்தாள், உடனே திரும்பிக்கொண்டாள்.

"எத்தன தடவ சுடுவீங்க?"

"சுட்டது திரும்பி வராது சார். புதுசா வந்துக்கிட்டே இருந்தா..." என்று நிறுத்திவிட்டாள்.

இருபத்தேழு பேரில் மூன்று பேர் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். மூவரும் பெண்கள்.

பதில் வந்ததும் எழுது.

மாமா


வாலன் க்ரீக்,
20 ஆகஸ்ட் 2019

கார்லிக்கு,

தபால் வரும் செவ்வாய் நாலு போய்விட்டது. கடிதம் இல்லை. விமானம் ஓடவில்லையா? இங்கே சௌக்கியம். எட்டும் சுட்டாச்சு. எழுதுவதற்கு இந்தக் கரண்டி, கரண்டி இல்லை, மை வருமே, அது அடிக்கடி கீழே விழுகிறது. வில்மா எடுத்துக் கொடுக்கிறாள். வார்த்தையும் அப்படித்தான், அதை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

ஒரு வரி போதும்.

மா


பெரிகன் டவுன்ஸ்,
10 செப்டம்பர் 2019

மாட்சிமை தங்கிய மன்னர் மாமா அவர்களுக்கு,

எழுந்து நில்லுங்கள்! வலது கை நெஞ்சில்! உங்கள் மருமகள் சொல்லப்போகும் செய்தியை யாரும் நம்பப்போவதில்லை.

ஒன்றும் இல்லை! வெறும் கொழுப்புக் கட்டி! பதிலை வாசித்த டாக்டர் ஓடுபாதையிலேயே மூன்று குட்டிக்கரணம் போட்டார், விமானம் நாலாவது போட்டது. பண்ணையில் விருந்து. மூன்று டன் காளையை முழுதாகச் சுட்டோம். ஆற்றிலிருந்து முதலை ஒன்று கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு கேக்கோடு வந்தது. கொண்டாட்டத்தில் எழுத நேரமே கிடைக்கவில்லை, அதனால்தான் தாமதம். நான் கல் மாதிரி இருக்கிறேன். மன்னரும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

ராஜ வைத்தியர் மேல் எந்தப் புகாரும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

உங்கள் பிரஜை,
கார்லி


வாலன் க்ரீக்,
2 அக்டோபர் 2019

அன்பு கார்லிக்கு,

மாமா சொல்ல வில்மா எழுதுவது. நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை கேட்கப்போவதில்லை. நீயும் கேட்காதே.

உன் கடிதத்தை வில்மா எனக்கு இரண்டு தரம் வாசித்தாள். முதலை வந்ததும் நிறுத்தச் சொன்னேன். நீ பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. எட்டு வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு, நான் கொட்டகையிலிருந்து வருவதற்குள் கையில் கல்லோடு வாசலில் நின்றாய். உனக்குப் பொய் தேவைப்பட்டிருக்கிறது, கைவசம் இருந்தது என்னுடையதுதான். ஆனால் ஒரு நல்ல புளுகன் தபால் முத்திரையைப் பார்த்துக்கொள்வான். அதில் பெர்த் என்று இருக்கிறது. பெர்த்தில் உனக்குச் சொந்தம் இல்லை, வேலை இல்லை. பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது.

வில்மா பண்ணைக்கு ஃபோன் போட்டாள். பண்ணைக்கார அம்மா அழுதுகொண்டே சொன்னாளாம். "அக்குள்ல இருந்த கட்டியையும் எடுத்துட்டாங்க. நுரையீரல்லயும் தெரியுதாம். மாமாகிட்ட மட்டும் சொல்லிராதீங்கன்னு கார்லி என் கையப் புடிச்சுக் கெஞ்சிட்டுப் போச்சு."

(கார்லி, நான்தான் அவரிடம் சொன்னேன். மறைக்க முடியவில்லை. என் மூஞ்சி அப்படி. - வில்மா)

என் தலைக்குள் இன்னும் பதினான்கு பேர் வந்திருக்கிறார்கள். இனிச் சுடப்போவதில்லை. டாக்டர் ஹுயின் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள், நல்ல பிள்ளை. அதனால் வில்மா இங்கே எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. வியாழக்கிழமை அவள் பெர்த்துக்கு விமானம் ஏறுகிறாள். உன்னோடுதான் இருப்பாள். நான் டவுன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்கிறேன். ஜன்னலுக்கு வெளியே மாடு தெரியும் கட்டிலாகக் கேட்டிருக்கிறேன்.

(போக மாட்டேன் என்றேன். "ஏ வில்மா, ஒன் கால்ல விழவா? விழுந்தா எந்திரிக்க மாட்டேன், அப்பறம் நீதான் தூக்கணும்" என்கிறார். - வில்மா)

நீ புகார் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் வில்மா மூன்றாம் தரம் வாசித்தாள். அதை ஏற்க முடியாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இருக்கிற வார்த்தை தீர்வதற்குள்.

நான் எழுதிய கதையெல்லாம் பொய். மூன்று மைல் வரிசை இல்லை. சமையலறையில் ஒரு நாற்காலிதான் இருந்தது. பிஷப் வரவில்லை. பிரதமர் தந்தி அடிக்கவில்லை. அன்று பெலிகன்கள் பாட்டுக்குப் பறந்தன, ஆறு ஓடியது, பசுக்கள் மென்றன. நீ கவுனை மடியில் வைத்துக்கொண்டு, "சீக்கிரம் மாமா, குளுருது" என்றாய்.

அதில் ஒரு சின்ன இடம் மட்டும் உண்மை. ஓரம் பிய்ந்த அந்தக் கறுப்பைப் பார்த்தேன். இது வேறு, டாக்டரிடம் கூட்டிப் போ என்று தோன்றியது. என் கை நின்றது, கார்லி. ஒரு நொடி நின்றது.

மெர்வ் மாமா